கணிப்பொறித் திரையில் படங்கள்: காட்சி விளைவுகளும் அவற்றின் எல்லைகளும்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மூன்றாம் வாரத்தில் திருப்பதியைச் சூழ்ந்த பகுதிகளில் கடும் மழை பெய்தது. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்ததும், 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்போது சேர்ந்திருப்பதுமான ராயலசெருவு என்னும் பெரிய ஏரி நிரம்பி, அதன் கரையில் கசிவு கண்டது. ஏரிக்குக் கீழே தாழ்ந்த நிலத்தில் அமைந்த ஊர்களின் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இத்தகைய வேளைகளில் களப் பணியாளரின் கைக்கு முதலில் வந்து சேர்பவை படங்களே. செயற்கைக் கோள் எடுத்த படம், கரைமேல் நின்று கைபேசியில் எடுத்த படம், முந்திய ஆண்டில் எடுத்து வைத்திருந்த படம் ஆகிய யாவும் இன்று வலைப்பக்கத்தின் வாயிலாகவே நம் கண்முன் தோன்றுகின்றன.

அவ்வாறு தோன்றும் படம் எடுத்தபடியே நமக்குக் காட்டப்படுவதில்லை. அதன் ஒளி கூட்டப்பட்டிருக்கலாம், வண்ணம் மாற்றப்பட்டிருக்கலாம், விளிம்புகள் கூர்மையாக்கப்பட்டிருக்கலாம். இம்மாற்றங்களைச் செய்பவை ஜாவாஸ்கிரிப்டு என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்ட சிறு சிறு சாதனங்கள். வலைப்பக்கம் அமைப்போர் இவற்றைக் ‘காட்சி விளைவுகள்’ என்பர். இவை அழகுக்கும் பயன்படும், ஆராய்ச்சிக்கும் பயன்படும். எங்கே அழகு முடிந்து ஆராய்ச்சி தொடங்குகிறது, எங்கே விளக்கம் முடிந்து மயக்கம் தொடங்குகிறது என்பதை அறியாதவர் படத்தைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும். ஆகவே இவ்விளைவுகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

படம் என்பது எண்களின் வரிசை

கணிப்பொறியில் உள்ள படத்தை மிகவும் பெரிதாக்கிப் பார்த்தால் அது சிறு சிறு சதுரங்களால் ஆனது என்பது புலப்படும். இச்சதுரம் ஒவ்வொன்றையும் படப்புள்ளி என்று அழைப்போம். புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. எண் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 ஆனால் கறுப்பு. மூன்றும் 255 ஆனால் வெள்ளை. இவ்வாறு 256 அளவுகளை மும்முறை பெருக்கினால் 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. திரையில் காட்டும்பொழுது நான்காவதாக ஓர் எண்ணும் சேரும். அது புள்ளியின் ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும்.

ஆதலின் படத்தின் தோற்றத்தை மாற்றுதல் என்பது இவ்வெண்களைக் கூட்டியும் பெருக்கியும் மாற்றுவதேயன்றி வேறன்று. ஓவியன் தூரிகையால் செய்வதைக் கணிப்பொறி பெருக்கல் வாய்பாட்டால் செய்கிறது. நான்கு எண்கள் கொண்ட புள்ளிகள் 4,000 நெடுக்கும் 3,000 குறுக்கும் உள்ள ஒரு படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கும். அதனை விரித்து நினைவகத்தில் வைக்க 4 கோடியே 80 இலட்சம் பைட்டுகள் வேண்டும். சேமிப்பில் சுருக்கி வைத்திருக்கும்பொழுது இதே படம் சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடலாம். கோப்பு சிறிதாயிருக்கிறதே என்று எண்ணிப் பல படங்களை ஒரே பக்கத்தில் இட்டுவிட்டு, கிராமத்துக் கைபேசியில் அப்பக்கம் ஏன் திணறுகிறது என்று வியப்பவர்கள் இக்கணக்கை நினைவிற் கொள்க.

உலாவியும் ஜாவாஸ்கிரிப்டும்

வலைப்பக்கத்தில் படம் இடும் வழக்கம் 1993ஆம் ஆண்டு மொசைக் என்னும் உலாவியால் பரவியது. அக்காலத்தில் படம் அசையாது நின்ற இடத்தில் நின்றது. 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜாவாஸ்கிரிப்டு மொழியை ஆக்கினார். அதன் பின்னரே பக்கத்தைத் திறந்த பிறகும் அதன் உறுப்புகளை மாற்ற முடிந்தது. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல் தொகுதி இவ்வேலையைப் பெரிதும் எளிதாக்கிற்று. அதனுடன் இணைத்துக்கொள்ளத்தக்க சிறு நிரல்களைப் பலரும் எழுதி வெளியிட்டனர். இவையே பிளகின் என வழங்கும் செருகு நிரல்கள். ஏர்க்கலப்பையில் வேண்டிய கொழுவை மாட்டிக் கழற்றுவதுபோல, வேண்டிய செருகு நிரலைப் பக்கத்தில் இணைத்து வேண்டாதபொழுது நீக்கிவிடலாம்.

இன்று படத்தின் தோற்றத்தை மாற்ற மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பக்கத்தின் நடைவிதிகளில் ‘ஃபில்டர்’ என்னும் கட்டளையை எழுதுதல். ஒளி கூட்டல், ஒளி மாறுபாடு, சாம்பல் நிறம், மங்கலாக்கல், நிறத் தலைகீழாக்கம் முதலியவற்றை உலாவியே இதன்படி செய்துவிடும். முன்னர்ச் செருகு நிரல் கொண்டு செய்த பல வேலைகள் இன்று இவ்வொரு வரியில் முடிகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் வேலை அளவுகளை மாற்றிக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது, ‘கேன்வஸ்’ என்னும் வரைபலகையில் படத்தை இட்டு ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் எடுத்து மாற்றுதல். ஆப்பிள் நிறுவனம் 2004இல் புகுத்திய இவ்வுறுப்பு பின்னர் எல்லா உலாவிகளுக்கும் பொதுவாயிற்று. மூன்றாவது, 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல் முறை. இதில் பல இலட்சம் புள்ளிகளின் கணக்கைத் திரைச் செயலி ஒரே வேளையில் செய்துமுடிக்கிறது.

இவற்றுள் முதல் வழி கோப்பைத் தொடுவதில்லை. திரையில் தோன்றுவது மாறும். மூலப்படம் அப்படியே இருக்கும். இரண்டாம் வழியிலோ மாற்றிய படத்தைப் புதிய கோப்பாகச் சேமித்துவிட இயலும். சேமித்த அப்படத்தைப் பிறர் மூலப்படம் என்று கருதினால் அங்கே தொடங்குகிறது தொல்லை.

புள்ளிதோறும் செய்யும் மாற்றங்கள்

ஒளி கூட்டல் என்பது எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குவது. ஒன்றரையால் பெருக்கினால் 100 என்பது 150 ஆகும். ஆனால் 180 என்பது 270 ஆகும். 200 என்பது 300 ஆகும். திரையின் எல்லையோ 255. ஆகவே இரண்டும் 255 என்றே நின்றுவிடும். முன்பு வேறுபட்டு நின்ற இரு புள்ளிகளும் இப்பொழுது ஒரே வெள்ளையாகிவிட்டன. சுவர்ணமுகி ஆற்றின் மணற்பரப்பு படத்தில் இயல்பாகவே பளிச்சென்று தோன்றும். ஒளியை மிகக் கூட்டினால் ஈரமணலும் உலர்மணலும் ஒன்றாகிவிடும். இவ்வாறு அழிந்த வேறுபாட்டை அதன்பின் ஒளியைக் குறைத்தும் மீட்க இயலாது.

ஒளி மாறுபாட்டை விரித்தல் என்பது இதனினும் பயனுள்ள முறை. மேகமூட்டமான நாளில் எடுத்த ஒரு படத்தில் எண்கள் யாவும் 40க்கும் 91க்கும் இடையே நெருங்கிக் கிடப்பதாகக் கொள்வோம். படம் முழுவதும் இருண்டு தோன்றும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 40ஐக் கழித்து, எஞ்சியதை 5ஆல் பெருக்குக. 40 என்பது 0 ஆகும்; 91 என்பது 255 ஆகும்; 60 என்பது 100 ஆகும்; 61 என்பது 105 ஆகும். முன்பு ஓர் எண் அளவே வேறுபட்ட புள்ளிகள் இப்போது ஐந்து எண் அளவு வேறுபடுகின்றன. கண்ணும் அவ்வேறுபாட்டைக் காண்கிறது. புதிய செய்தி ஒன்றும் இதனால் படத்தில் நுழையவில்லை; இருந்த செய்தியே கண்ணுக்கு எட்டும்படி பரப்பி வைக்கப்பட்டது.

இம்முறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. மழைக்கு முன் எடுத்த படத்தில் எண்கள் 40 முதல் 91 வரையும், மழைக்குப் பின் எடுத்த படத்தில் 20 முதல் 122 வரையும் இருக்கின்றன என்க. செருகு நிரல் தானாகவே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விரித்தால், முதற்படம் 5ஆலும் இரண்டாம் படம் இரண்டரையாலும் பெருக்கப்படும். அப்பொழுது மாறாத நிலமும் இரு படங்களிலும் வெவ்வேறு நிறத்தில் தோன்றும். ஏரியின் பரப்பு விரிந்ததா, படத்தின் கணக்கு விரிந்ததா என்று அறிய முடியாது. ஒப்பிடுவதற்குரிய படங்களை ஒரே அளவினால் விரித்தல் வேண்டும். தானியங்கி முறையை அப்போது நிறுத்திவிடுக.

மாற்றங்களைச் செய்யும் வரிசையும் முக்கியமானது. 100 என்னும் எண்ணை முதலில் ஒன்றரையால் பெருக்கி ஒளி கூட்டினால் 150. பின் 128ஐ நடுவாகக் கொண்டு மாறுபாட்டை இருமடங்காக்கினால் 172. அதே எண்ணுக்கு முதலில் மாறுபாட்டை இருமடங்காக்கினால் 72. பின் ஒன்றரையால் பெருக்கினால் 108. அளவுகள் அவையே, வரிசை மாறியதால் விடை மாறியது. எனவே எந்த விளைவு எந்த அளவில் எந்த வரிசையில் செய்யப்பட்டது என்பதைப் படத்தின் கீழ்க் குறித்து வைத்தல் வேண்டும்.

வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்குவதிலும் நுட்பம் ஒன்று உண்டு. மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடுவதில்லை. மனிதக் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும் நீல ஒளியைக் குறைவாகவும் உணர்கிறது. ஆதலால் உலாவி சிவப்பை 0.2126ஆலும் பச்சையை 0.7152ஆலும் நீலத்தை 0.0722ஆலும் பெருக்கிக் கூட்டுகிறது. சிவப்பு 200, பச்சை 100, நீலம் 50 என்றிருந்த புள்ளி இவ்வாறு ஏறக்குறைய 118 என்னும் சாம்பல் நிறமாகும்.

அண்டைப் புள்ளிகளைக் கொண்டு செய்யும் மாற்றங்கள்

மங்கலாக்கல், கூர்மையாக்கல் ஆகிய விளைவுகள் ஒரு புள்ளியை மட்டும் பார்த்துச் செய்யப்படுவன அல்ல. அதனைச் சூழ்ந்த புள்ளிகளையும் கணக்கிற் கொள்கின்றன. மங்கலாக்கும்பொழுது ஒரு புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளுக்கும் சராசரி காணப்படும். சுற்றிலும் 10, நடுவே 100 என்றிருந்தால் சராசரி 20. பளிச்சென்று தோன்றிய நடுப்புள்ளி சூழலில் கரைந்துபோகிறது. முகத்தை மறைத்து ஒருவரின் அடையாளத்தைக் காக்க இது உதவும். ஆனால் கரையில் தோன்றிய மெல்லிய வெடிப்பும் இவ்வாறே கரைந்துபோகும்.

கூர்மையாக்கல் இதற்கு நேர்மாறானது. ஒரு வரிசையில் 50, 50, 50, 100, 100, 100 என்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருபுறம் இருண்ட நீர், மறுபுறம் ஒளிர்ந்த கரை. ஒவ்வொரு எண்ணையும் மூன்றால் பெருக்கி, இருபுறத்து அண்டை எண்களையும் அதிலிருந்து கழிப்பது ஒரு கூர்மையாக்கும் முறை. இதன்படி வரிசை 50, 50, 0, 150, 100, 100 என மாறும். விளிம்பு தெளிவாகத் தெரிகிறது என்பது உண்மையே. எனினும் நீரின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடும், கரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடும் புதிதாகத் தோன்றிவிட்டன. நிலத்தில் அத்தகைய கோடுகள் இல்லை. கரையடியில் கறுத்த கோடு கண்டு ‘கசிவு’ என்று அறிக்கை எழுதினால், ஊர் மக்கள் வீணே அல்லற்படுவர். பிறகு உண்மையான கசிவு வரும்பொழுது அறிக்கையை நம்ப ஆளிருக்காது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை வலியுறுத்த வேண்டும். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக் கோள்களில் உள்ள லிஸ்-4 என்னும் ஒளிப்படக் கருவியின் ஒரு புள்ளி, நிலத்தில் 5.8 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். லிஸ்-3 கருவியின் புள்ளி 23.5 மீட்டர். ஒரு முழ அகலமுள்ள வெடிப்பு இப்படத்தில் பதிவதே இல்லை. எந்தச் செருகு நிரலாலும், எவ்வளவு கூர்மையாக்கினாலும், பதியாததை வரவழைக்க முடியாது. மேலும் உலாவி படத்தைப் பெரிதாக்கும்பொழுது இடைப்பட்ட புள்ளிகளைத் தானே கணித்து நிரப்பி வழவழப்பாகக் காட்டும். உண்மையான புள்ளிகளைச் சதுரம் சதுரமாகவே காட்டும்படி கட்டளையிடவும் வழியுண்டு. ஆராய்ச்சிக்குரிய பக்கங்களில் அவ்வாறே செய்தல் நலம். ஜேபெக் முறையில் சுருக்கிய படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கப்படுகின்றன. மாறுபாட்டை மிக விரித்தால் அக்கட்டங்களே வெளிப்பட்டு, வயல் வரப்புகள்போல் தோற்றமளிக்கும்.

பொய் வண்ணமும் மெய்ச் செய்தியும்

திருக்காளத்தியில் கலம்காரி எழுதுவோர் படிகார நீரைத் துணிமேல் இடுவர். இட்ட இடம் அப்பொழுது கண்ணுக்குச் சிறப்பாகத் தெரிவதில்லை. துணியைச் சாயத்தில் இட்டுக் காய்ச்சும்பொழுது படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பற்றிக்கொள்ளும். மறைந்திருந்த வடிவம் அப்பொழுது வெளிப்படும். செயற்கைக் கோள் படங்களுக்கு ஊட்டும் பொய் வண்ணம் இதனை ஒத்தது.

மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பச்சை இலைகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. நீர் அதனைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. லிஸ்-4 கருவி பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய மூன்றையும் பதிவு செய்கிறது. திரையில் காட்டும்பொழுது அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், பச்சையை நீலமாகவும் மாற்றி இடுவர். அப்பொழுது சேஷாசலக் காடுகள் செக்கச் சிவந்து தோன்றும். ஏரிநீர் கருநீலமாகவோ கறுப்பாகவோ தோன்றும். இதனை முதன்முதல் காணும் மாணவன் காடு தீப்பற்றி எரிகிறது என்று எண்ணினால் அவனைக் குறை கூறுதல் தகாது. வண்ணக் குறிப்பு இல்லாமல் படத்தை வெளியிட்டவரே குறைக்கு உரியவர்.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. 1992 முதல் இயங்கிவரும் அதன் பெரிய ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானத்தை நோக்கி அலைகளை அனுப்பி, அடிமண்டலம், படைமண்டலம், இடைமண்டலம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் எதிரொலியை ஆராய்கிறது. நெடுக்கு 32, குறுக்கு 32 என 1,024 யாகி ஆண்டெனாக்கள் 130 மீட்டர் சதுரத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டன. இத்தகைய ரேடார் தரும் படத்தில் குறுக்கே நேரமும், நெடுக்கே உயரமும், வண்ணத்தால் எதிரொலியின் வலிமையும் காட்டப்படும். காற்றுக்கு நிறம் இல்லை. எண்ணுக்கு நிறம் கொடுத்தவர் மனிதர். வானவில் வரிசையில் நிறம் கொடுத்தால் மஞ்சள் மிகப் பளிச்சென்று தோன்றுவதால், எண்ணில் பெரிய வேறுபாடு இல்லாத இடத்திலும் எல்லைக்கோடு இருப்பதுபோல் மயக்கம் உண்டாகும். ஒளி ஒரே சீராக ஏறிச் செல்லும் வண்ண வரிசைகள் இக்குறையற்றவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் அவற்றைப் படிக்க முடியும்.

வெள்ளக் காலத்தில் மேகம் மூடியிருப்பதால் ஒளிப்படக் கருவிகள் பயன்படா. அப்பொழுது உதவுபவை ரேடார் செயற்கைக் கோள்கள். 2022 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட இஓஎஸ்-04 அவ்வகையைச் சேர்ந்தது. அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடிபோல் வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தோன்றும். கறுப்பை நீலமாக மாற்றிக் காட்டும் நிரலை எழுதுதல் எளிது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழ்ப்பட்ட புள்ளிகளையெல்லாம் நீலமாக்கு என்றால் போதும். ஆனால் மலையின் மறுபுறத்தில் ரேடார் அலை எட்டாத நிழற்பகுதியும் கறுப்பாகவே இருக்கும். திருமலை போன்ற மலைகள் நிறைந்த பகுதியில் இந்நிரல் மலைச்சரிவிலும் ஏரி இருப்பதாகக் காட்டிவிடும். காற்றில் அலையெழும் ஏரியோ கறுப்பாகத் தோன்றாமல் விடுபட்டுப் போகலாம்.

இரு படங்களை ஒப்பிடும் சாதனம்

களப் பணிக்கு மிகவும் உகந்த விளைவு எது எனின், ஒன்றன்மேல் ஒன்றாக இரு படங்களை வைத்து நடுவில் ஒரு கோட்டை இழுத்துப் பார்க்கும் சாதனமே என்னலாம். கோட்டின் இடப்புறம் மழைக்கு முந்திய படமும் வலப்புறம் பிந்திய படமும் தோன்றும். விரலால் கோட்டை நகர்த்தும்பொழுது ஏரியின் நீர்விளிம்பு எங்கே நகர்ந்தது, கலங்கலின் வழியே நீர் எப்பக்கம் சென்றது என்பவை கண்ணில் படும். இதன் அமைப்பு மிக எளியது: மேற்படத்தின் எவ்வளவு அகலத்தைக் காட்டுவது என்பதை ஜாவாஸ்கிரிப்டு விரலின் இடத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. 2011இல் வெளிவந்த லீஃப்லெட் என்னும் வரைபட நிரல் தொகுதிக்கு இத்தகைய செருகு நிரல்கள் உள்ளன. நம் நாட்டுப் பகுதிகளின் செயற்கைக் கோள் படங்களைக் காண, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009 ஆகஸ்டில் தொடங்கிய புவன் என்னும் வலைத்தளம் உண்டு.

இரு படங்களும் ஒரே அளவு, ஒரே திசை, ஒரே எல்லை உடையனவாக இருத்தல் வேண்டும். லிஸ்-4 படம் ஒன்று இரு புள்ளி அளவு விலகியிருந்தாலும் கரை 11 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டது போலத் தோன்றும். எடுத்த நாளை இரு பக்கமும் எழுதி வைத்தல் தவறாமற் செய்ய வேண்டிய கடமை.

செருகு நிரலைத் தேர்ந்தெடுத்தல்

செருகு நிரல் பிறர் எழுதியது. அது நம் பக்கத்தினுள் புகுந்து வேலை செய்கிறது. ஆகவே அதனை வீட்டிற்குள் அழைக்கும் வேலையாளைத் தேர்வதுபோல் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். பாலிஃபில் என்னும் நிரலைப் பல்லாயிரம் வலைத்தளங்கள் ஒரே வெளித்தளத்திலிருந்து பெற்று வந்தன. அத்தளம் வேறு கைக்கு மாறியபின், 2024 ஜூனில், அதன் வழியாகத் தீங்கான நிரல் அனுப்பப்படுவது கண்டுபிடிக்கப்பட்டது. அந்நிரலை இணைத்திருந்தவர்கள் தம் பக்கத்தில் எதனையும் மாற்றவில்லை. எனினும் தம் பக்கத்தை நாடி வந்தவர்களை அவர்கள் அறியாமலே ஆபத்துக்கு உள்ளாக்கினர். நிரலைத் தம் தளத்திலேயே ஒரு படியாக வைத்துக்கொள்வதும், வெளியிலிருந்து பெற்றால் அது மாறாதிருப்பதைச் சரிபார்க்கும் முத்திரை எண்ணை உடன் எழுதுவதும் தக்க காப்புகளாகும்.

மற்றொரு தடையையும் அறிந்திருத்தல் நலம். வேறொரு தளத்திலுள்ள படத்தை வரைபலகையில் இட்டு அதன் எண்களைப் படிக்க முயன்றால், அத்தளத்தின் அனுமதி இல்லாதவரை உலாவி மறுத்துவிடும். படம் கண்ணுக்குத் தெரிகிறதே, எண் ஏன் கிடைக்கவில்லை என்று பலர் திகைப்பர். இது குறையன்று, பிறர் உடைமையைக் காக்கும் ஏற்பாடு.

விளைவுகள் பார்ப்பவருக்குத் துன்பம் விளைவிக்கலாகாது. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் படம் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். 2008இல் வெளியான வலை அணுகுமை நெறிகள் இதனைத் தவிர்க்கச் சொல்கின்றன. அசைவு வேண்டாம் என்று தம் கருவியில் குறித்து வைத்தவர்களுக்கு அசைவை நிறுத்துமாறு நிரலை அமைக்க இயலும். கண்பார்வை இல்லாத ஆசிரியருக்குக் கருவி படித்துச் சொல்லும்படி, படத்தில் உள்ளதை மாற்றுரையாக ஓரிரு வாக்கியங்களில் எழுதி வைத்தல் வேண்டும். ‘படம் 3’ என்று எழுதுவது மாற்றுரை ஆகாது. ‘மழைக்குப் பின் ஏரி, நீர் கலங்கலைத் தாண்டி வடக்கே பரவியுள்ளது’ என்பது மாற்றுரை. செருகு நிரல் இயங்காத கருவியிலும் மூலப்படமும் அதன் விளக்கமும் தெரியுமாறு பக்கம் அமைதல் வேண்டும்.

களப் பணியாளருக்குச் சில விதிகள்

1. மூலப்படத்தைத் தனியே பத்திரப்படுத்துக. அதன்மேல் எந்த மாற்றத்தையும் சேமிக்க வேண்டாம்.

2. அறிக்கையில் மாற்றிய படத்தை இட்டால் மூலப்படத்தையும் அதன் அருகில் இடுக.

3. எடுத்த நாள், எடுத்த கருவி, ஒரு புள்ளியின் நில அளவு, செய்த விளைவுகள், அவற்றின் வரிசை ஆகியவற்றைப் படத்தின் கீழ்க் குறிக்க.

4. ஒப்பிடும் படங்களுக்கு ஒரே அளவான மாற்றத்தையே செய்க.

5. விளைவு செய்தபின் மட்டும் தோன்றும் கோடு, புள்ளி, நிறம் எதனையும் நிலத்தில் சென்று பார்க்காமல் உண்மை என்று எழுதற்க.

வகுப்பறையில் செய்து காட்டல்

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். கட்டத்தாளில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் வரைந்து, கட்டம் ஒவ்வொன்றிலும் 40 முதல் 91 வரையுள்ள எண் ஒன்றை ஆசிரியர் எழுதுக. நடுவே உள்ள சில கட்டங்களுக்கு 44 என்றும், சுற்றியுள்ளவற்றுக்கு 52 என்றும் கொடுத்தால், அது ஓர் ஏரியாகும். மாணவர்கள் முதலில் அவ்வெண்களுக்கேற்பக் கரித்துண்டால் நிழலிடட்டும். ஏரி தெளிவாகத் தெரியாது. பின்னர் 40ஐக் கழித்து 5ஆல் பெருக்கட்டும். 44 என்பது 20 ஆகும். 52 என்பது 60 ஆகும். மீண்டும் நிழலிட்டால் ஏரி வெளிப்படும். அதன்பின் கரையோர வரிசை ஒன்றை எடுத்து, மேலே கூறியவாறு கூர்மையாக்கும் கணக்கைச் செய்யச் சொல்க. இல்லாத கோடு எண்களிலிருந்து பிறப்பதை மாணவர் தம் கையாலேயே காண்பர். ஒரு முறை இதனைக் கண்ட மாணவன் திரையில் தோன்றும் படத்தை அதன்பின் கண்மூடி நம்பமாட்டான். அதே வேளையில், கண்ணுக்குப் புலனாகாததைக் கணக்கு புலப்படுத்தும் என்பதையும் மறக்கமாட்டான்.

படத்தின் மேல் செய்யும் விளைவு மூக்குக் கண்ணாடியைப் போன்றது. தக்க கண்ணாடி உள்ளதைத் தெளிவாகக் காட்டும். நிறக் கண்ணாடி உலகையே நிறம் மாற்றிக் காட்டும். அணிந்திருப்பது எது என்பதை அறிந்தவருக்கு இரண்டாலும் தீங்கில்லை. ஏரிக்கரையின் கீழ் உறங்கும் ஊர்களின் நலம் ஒரு படத்தைச் சரியாகப் படிப்பதைப் பொறுத்திருக்கும் இரவு மீண்டும் வரலாம். அன்று களப் பணியாளர் முதலில் கேட்க வேண்டிய வினா ‘படம் என்ன காட்டுகிறது?’ என்பதன்று, ‘இப்படத்துக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது?’ என்பதே. அதற்கு விடை கண்டபின் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குச் சென்று பார்த்துவருதல் வேண்டும்.